அக்காவுக்குப் போட்ட நிலம்

நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் என் மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். "திரும்பத் துவங்கியாச்சு" என்று போகிற போக்கில் முணுமுணுப்பாள். அவளில் பிழையில்லை. வீட்டுக்கு வருகிறவர் எவராவது கீழே குனிந்து பார்த்து, "நல்ல கல்லண்ணை, எங்கை எடுத்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டால் போதும். நான் கல்லில் தொடங்கி, கல்லுக்குக் கீழே உள்ள பசை, பசைக்குக் கீழே உள்ள விரிப்பு, விரிப்புக்குக் கீழே உள்ள சீமெந்து, சீமெந்துக்குள் ஓடும் சுடுதண்ணீர்க் குழாய் என்று ஒரு முழுப் பிரசங்கம் வைத்துவிடுவேன். வந்தவர் தேத்தண்ணி ஆறிப்போகும்வரை தலையாட்டிக்கொண்டிருப்பார். ஆனால் அந்தக் கல் ஏன் ஆவணி மாதத்தில்தான் மிதிபட்டது என்று மட்டும் நான் ஒருவருக்கும் சொல்வதில்லை.

அந்த நிலம் அக்காவுக்காகப் போட்டது. அக்கா எனக்கு மூத்தவர். எனக்கு முதலே ஜேர்மனிக்கு வந்தவர். நான் அகதி முகாமில் கிடந்த காலத்தில் சனிக்கிழமை தவறாமல் வந்து என்னை எசனில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோறு போட்டவர். அப்போது அத்தானும் இருந்தார். அக்காவுக்கு, உறைந்த மரக்கறியைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. கோடையோ மாரியோ, உள்ளே ஒரே குளிர்தான். ரப்பர் சப்பாத்துக்குள் இரண்டு சோடி சொக்ஸ் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் நின்ற நிலை. பென்ஷன் எடுக்கும்வரை அதே வேலை. பிறகு அத்தான் போய்ச் சேர்ந்தார். அக்காவுக்குச் சீனி வருத்தம் வந்தது. அது கால் நரம்பைப் பிடித்தது.

அவர் தனியே இருந்த வீடு முதல் மாடியில். அதற்குக் கீழே வேறு வீடு கிடையாது. முற்றத்துக்குக் கார் போகிற திறந்த வாசல்தான். எத்தனை ஹீற்றர் போட்டாலும் அந்த நிலம் குளிரும். "தம்பி, கால் ரெண்டும் ஐஸ்பெட்டிக்குள்ளை கிடக்கிற மாதிரி. சில நேரம் கால் இருக்கோ இல்லையோ எண்டே தெரியேல்லை. சூடு பட்டால்தான் விளங்குது" என்பார். நரம்பு மெல்ல மெல்ல உணர்வை இழந்துகொண்டு வருகிறது, கவனம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளில் இருந்து எனக்கு ஒரே யோசனை. உணர்வு மிச்சம் இருக்கும்போதே அக்கா ஒரு சூடான நிலத்தில் வெறுங்காலோடு நடக்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

நாங்கள் வாங்கியது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கென்று கட்டிய பழைய வரிசை வீடு. கீழே சுரங்கம் தோண்டிய ஊர்தானே, நிலம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஒரு தோடம்பழத்தைக் கூடத்தில் விட்டால் தானாக உருண்டு குசினிக்குப் போகும். கீழ்த்தளம் முழுவதையும் கிண்டி எடுத்தோம். கூடமும், அதற்குப் பின்னால் அக்காவுக்கென்று ஒரு அறையும். குழாய்களை வளைத்து வளைத்துப் பரப்பி, அவற்றை மூடிச் சீமெந்துத் தளம் ஊற்றினார்கள். எஸ்ட்ரிஷ் என்று இங்கே சொல்வார்கள். அதற்கு மேலே என்ன போடுவது என்று கேள்வி வந்தபோது, "பிளாஸ்டிக் பலகையே காணும்" என்றாள் மனைவி. நான் விடவில்லை. கல்தான் சூட்டை நன்றாக மேலே கொண்டுவரும், கல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, வெளிர் மண்ணிறத்தில் சுண்ணாம்புக்கல் தெரிவுசெய்தேன்.

கல் பதிக்க வந்தவர் ஒரு போலந்துக்காரர். வாயில் எந்நேரமும் சிகரெட், முகத்தில் எந்நேரமும் சலிப்பு. சீமெந்தைக் கண்டவுடன் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னும் குளம்" என்றார். காய்ந்துதானே கிடக்கிறது என்றேன். மேலே காய்ந்திருக்கும், உள்ளே தண்ணீர் நிற்கும் என்றார். ஆகவே கல் பதிப்பதற்கு முதலே சூட்டைப் போட்டு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உச்சத்தில் வைத்திருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, உள்ளே உள்ள ஈரத்தை வெளியேற்றவேண்டும். அதுவரை யன்னல்களைக் காலையும் மாலையும் அகலத் திறந்து, ஈரக் காற்றை வெளியே விட்டுப் பூட்டவேண்டும். பிறகு அளந்து பார்ப்பார். ஈரம் இருந்தால் கல் அதைக் குடித்துக் கறுத்துவிடும், கழன்றும் விடும். சூட்டை அவரே அமைத்துவிட்டுப் போனார். தானாக ஏறும், தானாக இறங்கும் என்றார்.

புது வீட்டுக் குடிபூரலுக்கு ஐயரிடம் நாள் கேட்டோம். வைகாசியில் ஒரு நாள் சொன்னார். அதைத் தவறவிட்டால் ஆனி, ஆடி இரண்டும் ஆகாத மாதங்கள், இனி ஆவணிதான் என்றார். கல்காரர் விரலை மடித்துக் கணக்குப் பார்த்து, காய்ந்தால் வைகாசிக்கு முடிக்கலாம் என்றார். பால் காய்ச்சாத வீட்டில் எங்கள் ஆட்கள் ஒரு இரவு படுக்கமாட்டார்கள். ஆகவே அக்கா குடிவருவதும் அந்த நாளில்தான் என்று முடிவாயிற்று.

சூடு போட்ட சில நாளில் அக்கா வீடு பார்க்க வந்தார். எனக்குச் சாப்பாடும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார், சொக்ஸையும் கழற்றினார். "அக்கா, சீமெந்துத் தூசி" என்றேன். கேட்கவில்லை. வெறும் சீமெந்தில் ஒரு எட்டு வைத்தார், நின்றார். முகம் அப்படியே மாறிப்போனது.

"தம்பி, விளங்குதடா."

"என்ன விளங்குது?"

"கால்! ரெண்டு காலும் விளங்குது."

கூடத்தில் இருந்து அறைக்கும் அறையில் இருந்து கூடத்துக்குமாக நடந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நடந்தார். "இதென்ன, பொம்பிளை பாக்க வந்த மாதிரி நடை" என்று பகிடி விட்டேன். "போடா" என்று சிரித்தார். போகும்போது, "இதிலை ஒரு பாயைப் போட்டால் எனக்குக் காணும்" என்றார். "பொறுங்கோ அக்கா, கல்லு வரட்டும். உங்களை ராணி மாதிரி வைக்கிறன்" என்றேன். பெரிய வாய் எனக்கு.

நான் பஸ் ஓட்டுகிறவன். அந்த நாட்களில் அதிகாலையில் போனால் பின்னேரம் வரை ஓட்டம். மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. யன்னல் திறந்து பூட்ட ஆளில்லை. "நான் சும்மாதானே இருக்கிறன், பஸ்ஸிலை வந்து திறந்து பூட்டுறன்" என்று அக்கா சாவியை வாங்கிக்கொண்டார். எந்த யன்னல், எவ்வளவு நேரம் என்று வடிவாகச் சொல்லிக் கொடுத்தேன். ஹீற்றரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா? முகாமில் இருந்தபோதே, அறையை விட்டு வெளிக்கிட்டால் ஹீற்றரை மூடு, லைற்றை அணை என்று பழகியவர்கள் நாங்கள். வருடக் கடைசியில் சூட்டுக்கு வரும் பில்லை நினைத்து, வீட்டுக்குள் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். நானே கக்கூசுக்குப் போகும்போது கூடத்து ஹீற்றரைக் குறைத்துவிட்டுப் போகிறவன், மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்படியிருக்க, யன்னலை அகலத் திறந்துவிட்டு, ஆளில்லாத வீட்டில், வைகாசி மாதத்தில் ஹீற்றர் எரிவதை அக்கா எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்?

வந்தவுடன் போட்டிருக்கிறார். போகும்போது நிப்பாட்டியிருக்கிறார். ஒவ்வொரு நாளும். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் எனக்கு முதலே வந்திருந்தார். நிலத்தைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. இப்போது இறக்குகிற கட்டம்போல என்று நானே எனக்கு ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். அந்தப் பருமனான சீமெந்து ஒழுங்காகச் சூடேறப் பல மணித்தியாலம் வேண்டும் என்பது அப்போது மண்டைக்குள் ஏறவில்லை.

அளக்கிற நாளில் நாங்கள் எல்லோரும் நின்றோம். கல்காரர் அக்காவின் அறை மூலையில் தளத்தைக் கொத்தி, அடியில் இருந்து ஒரு கட்டி எடுத்து, உடைத்துத் தூளாக்கி, ஒரு இரும்புப் போத்தலுக்குள் போட்டார். மருந்து அடைத்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியையும் போட்டு மூடிக் குலுக்கினார். போத்தலின் தலையில் ஈரம் காட்டும் முள் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. "இல்லை" என்றார்.

"ஏன்?"

"ஈரம். முதல் நாளில் நின்ற மாதிரியே நிற்கிறது. சூட்டை யாரோ நிப்பாட்டியிருக்கிறார்கள்."

நான் மனைவியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் இருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏன், என்னவாம் அவர்?" சொன்னேன். அக்கா கையில் இருந்த தேத்தண்ணிப் போத்தலைக் கீழே வைத்தார்.

"நான்தான் தம்பி. ஆளில்லாத வீட்டுக்கு என்னத்துக்கு எண்டு போகேக்கை நிப்பாட்டிப் போட்டுப் போனனான். உனக்கு மிச்சமாகட்டும் எண்டு..."

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். அக்காவில் காட்ட ஏலாது. கல்காரர் இருந்தாரே, அவரில் காட்டினேன். பரவாயில்லை, அப்படியே பதியும், என் வீடு, என் கல், என் பொறுப்பு என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன். அந்த மனிதன் சிகரெட்டைக் கையில் எடுத்துவிட்டு, "வேறு ஆளைப் பிடி. நான் ஈரத்தில் கல் வைக்கமாட்டேன்" என்றார். பிறகு, கத்தி முடித்த என்னைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, வேண்டுமென்றால் வெறும் தளத்திலேயே கொஞ்ச நாள் இருக்கலாம், சூடு தன்பாட்டில் ஓடட்டும், பிறகு வந்து பதிக்கிறேன் என்றார்.

அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். "அதுதான் தம்பி சரி. இந்தச் சீமெந்திலையே பாலைக் காய்ச்சுவம். ஆர் கேக்கப் போகினம்? நான் வந்து இருக்கிறன்."

"ஓம், மச்சாள் சொல்லுறது சரிதானே" என்றாள் மனைவி.

நான் கேட்டேனா? தூசி என்றேன். தளபாடங்களைப் போட்டுவிட்டுத் திரும்ப வெளியே எடுத்துக் கல் பதிக்க ஏலாது என்றேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் உள்ளே நின்ற உண்மை வேறு. குடிபூரலுக்கு டுசல்டோர்ஃபில் இருந்தும் பீலெஃபெல்டில் இருந்தும் சனம் வரும். வந்து, வெறும் சீமெந்தில் கும்பம் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போய் ஒன்றுக்குப் பத்தாகக் கதைக்கும். பெரிய வீடு வாங்கினான், அக்காவைச் சீமெந்தில் இருத்தினான் என்று சொல்லும். அதை என்னால் தாங்க ஏலாது. "ரெண்டு மாசம்தானே அக்கா. ஆவணிக்கு வைப்பம்" என்றேன்.

"சரி தம்பி. உன்ர விருப்பம்" என்றார் அக்கா.

ஆனி மாதம் முழுக்க மழை. கோடை என்ற பெயரில் ஒரு குளிர். நான் வேலை முடிந்து வந்து புது வீட்டில் நிலத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். இந்த முறை ஒருவரும் நிப்பாட்டவில்லை. ஆளில்லாத அந்த வீட்டில் நிலம் நல்ல சூடாகக் கிடந்தது. அதற்கு மூன்று பஸ் தரிப்பிடம் தள்ளி, கார் வாசலுக்கு மேலே இருந்த வீட்டில், அக்கா சுடுதண்ணிப் பையில் கால் வைத்துக்கொண்டு ரீவி பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவிதான் கண்டாள். கறி கொண்டுபோனவள், அக்காவின் சொக்ஸ் நனைந்திருப்பதைப் பார்த்துக் கழற்றியிருக்கிறாள். உள்ளங்காலில் தோல் பொங்கி உடைந்திருந்தது.

"ஐயோ மச்சாள், இது எப்ப நடந்தது?"

"என்னது?" என்று கேட்டாராம் அக்கா.

சுடுதண்ணிப் பை சுட்டிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. கொதிதண்ணீரை அப்படியே ஊற்றி, சூடு காணாது காணாது என்று காலை அதிலேயே வைத்து அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க நான் போனேன். ஒரு இளம் பெண் வைத்தியர். கையில் மெல்லிய நூல் மாதிரி ஒன்று வைத்திருந்தார். அக்காவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள், தொடும்போது 'ஓம்' என்று சொல்லச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வைத்தியர் பெருவிரலில் தொட்டார். குதியில் தொட்டார். புண்ணுக்குப் பக்கத்தில், பாதத்தின் நடுவில், மற்றக் காலில், எல்லா இடத்திலும் தொட்டார். அக்கா பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் கண்ணைத் திறக்காமலே என்னிடம் கேட்டார்.

"இன்னும் துவங்கேல்லையோ தம்பி?"

நான் மொழிபெயர்க்கவில்லை. வைத்தியரும் கேட்கவில்லை. நூலை மேசையில் வைத்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். போன உணர்வு திரும்பி வராது, புண்ணை மட்டும் ஆற்றலாம் என்று பிறகு நடையில் வைத்து எனக்குச் சொன்னார். சுடுதண்ணிப் பை இனி வேண்டவே வேண்டாம் என்றும் சொன்னார்.

அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்தான் கல் பதித்தோம். இந்த முறை முள் ஏறவில்லை. கல்காரர் தலையை ஆட்டினார். தளத்தின் மேல்தோலை மெஷினால் உரஞ்சினார். நான் முழங்காலில் நின்று தூசி உறிஞ்சினேன், மூலை மூலையாக. ஒரு பொட்டுத் தூசி இருந்தாலும் பிடிக்காது என்று திரும்பத் திரும்ப உறிஞ்சச் சொன்னார். பால் மாதிரி ஒரு பூச்சுப் பூசிக் காயவிட்டு, சூட்டில் சீமெந்து விரிந்தாலும் கல் வெடிக்காமல் இருக்க ஒரு விரிப்பை ஒட்டினார். கல்லில் கறை ஊறாமல் இருக்க வெள்ளைப் பசை. சுவர் ஓரத்தில் நின்ற மெல்லிய பஞ்சுப் பட்டியை நான் வடிவாக இருக்கட்டும் என்று வெட்டப் போனேன். "விடு, கடைசியில் வெட்டலாம். நிலம் சுவரில் முட்டக்கூடாது" என்று கத்தினார். கத்தட்டும். யாராவது என்னைப் பார்த்துக் கத்தினால் நல்லது என்றுதான் இருந்தது. ஒரு கல் கூட ஏறி இறங்கவில்லை, ஒரு இடைவெளி கூடக் கோணவில்லை. அவ்வளவு அருமையான வேலை. பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. யாருக்கு இது?

ஆவணியில் குடிபூரல். அந்தக் கிழமை பார்த்து வெயில் கொளுத்தியது. அத்தனை சனம், குத்துவிளக்கு, ஐயர் வளர்த்த ஓமம். வீடு வெந்தது. மனைவி முதல் நாளே ஹீற்றரை முழுவதாக நிப்பாட்டிவிட்டாள். கல் குளுகுளுவென்று இருந்தது. வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "ஆஹா, என்ன குளிர்மை" என்று சொல்லிக்கொண்டு நடந்தார்கள். பால் பொங்கியது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அக்கா தன் அறை வாசலில் கதிரையில் இருந்தார். புண் ஆறியிருந்தது. புதுச் சேலை. பாதம் இரண்டும் கல்லில். அவருடன் முந்தித் தொழிற்சாலையில் நின்ற ஒரு அம்மா கிட்டப் போய்க் கேட்டார். நான் அவர்களுக்குப் பின்னால் பலகாரத் தட்டோடு நின்றேன்.

"என்னக்கா, உங்கட தம்பி உங்களுக்கெண்டு சூட்டு நிலம் போட்டவராம். சுகமா இருக்கோ?"

"ஓம், நல்ல சூடு. கால் ரெண்டும் விளங்குது. பாவம், எனக்கெண்டுதான் கஷ்டப்பட்டுப் போட்டவன்."

அந்த அம்மா தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

நான் தட்டை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நடைக்குப் போனேன். சுவரில் இருந்த ஹீற்றர்த் திருகியை உச்சத்துக்குத் திருப்பினேன். மனைவி கண்டுவிட்டாள். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரே, இந்த வெயிலுக்குள்ளை..." என்று தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். பிறகு போய், மிச்சம் இருந்த யன்னல்களையும் திறந்துவிட்டாள்.

கல்லுக்குச் சூடு வர நேரம் எடுத்தது. சாப்பாட்டுப் பந்தி முடிந்து, சனம் பாதியாகக் குறைந்த பிறகுதான் ஏறியது. இருந்தவர்கள் வேர்த்து, கடதாசித் தட்டால் விசிறிக்கொண்டார்கள். "அண்ணை, நிலம் கொதிக்குது" என்று ஒருவர் வந்து சொன்னார். "ஓம், தெரியும்" என்றேன். அக்கா இன்னும் அதே கதிரையில், போகிறவர்களுக்குக் கைகாட்டிக்கொண்டு இருந்தார். நான் போய் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அவருடைய பாதத்தை ஒட்டி என் உள்ளங்கையைக் கல்லில் வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு.